பெயிலான கிணறு

“கிணத்துல எதுனா பொணம் கெடக்குதாக்கா?”

அம்பலம் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. காலரா பயம் பிடித்திருந்த அந்த வருஷம், கடலூர்க் கடலோரக் குப்பத்தில் கிணறுகளுக்கு மருந்து போடுவது அவன் உத்தியோகம். தெருவில் பதினாறு கிணறு பாஸாகிவிட்டன. பூவம்மாள் கிணறு மட்டும் ஐந்து வாரமாகப் பெயில்.

“கெடந்தா பேச்சுத் துணைக்காவது ஆவுமே” என்றாள் பூவம்மாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பாததிலிருந்து, பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒற்றை ஆள்.

அம்பலம் வாளித் தண்ணீரில் பர்மாங்கனேட்டைக் கொட்டிக் கலக்கினான். ஒரு பொட்டுக்கூட அடியில் தங்காமல் கரைந்து கத்தரிப்பூ நிறமாயிற்று. கிணற்றில் ஊற்றினான். அரைமணி நேரம் நிறம் நின்றால் தண்ணீர் சுத்தம். உள்ளே ஏதாவது கிடந்து ஊறினால் நிறம் வெளுத்துவிடும்; அப்படியானால் அடுத்த வாரம் மறுபடி சிதம்பரத்தில் ரயிலேறி இங்கே வர வேண்டும்.

“இன்னிக்கி நின்னுட்டா?”

“செவுத்துல சுண்ணாம்புக் குறி போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். அப்பறம் எனக்கு இங்க என்னா வேல?”

“சோறு ஆறுது. உக்காரு தம்பி.”

கெளுத்தி மீன் குழம்பு. முதல் கவளத்திலேயே அம்பலம் முகத்தைச் சுளித்தான்.

“கடலோரத்துல பொறந்துட்டு இப்பிடியாக்கா வைப்பாங்க? புளியே காணோம்!”

“போடத்தான் போட்டேன்” என்று இன்னொரு துண்டை வைத்தாள்.

பிறகு பேசினாள். கருவாட்டைத் தூக்கிப்போன நாயைப் பற்றி, ஒழுகும் கூரையைப் பற்றி, மறுபடியும் அந்த நாயைப் பற்றி. ஒரு வாரப் பேச்சு அரைமணி நேரத்தில் தீர்ந்தது.

கை கழுவ ஒரு வாளி இறைத்தான் அம்பலம். நிறம் செத்துப் போயிருந்தது. வாளிக்குள் நாரும் சக்கையுமாக ஏதோ பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து முகர்ந்தான். சுகாதார ஊழியன் செய்யவே கூடாத காரியம், நாக்கிலும் வைத்துப் பார்த்தான்.

பூவம்மாள் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அம்பலம் நோட்டைப் பிரித்து, ‘நிறம் நிற்கவில்லை’ என்று எழுதினான். பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினான்.

“அடுத்த வாரம் கொழம்புக்குப் புளி நான் வாங்கியாறேன்க்கா.”