அடி விழுந்த இடம்

2014 ஏப்ரல் 18, பெரிய வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை, வெறும் புழுக்கம்.

பங்கு மண்டபத்தில் திருப்பாடுகளின் நாடகம். கிறிஸ்துவாக நடித்தவன், ஊரார் 'நர்ஸ் அக்கா' என்று அழைக்கும் செவிலியின் ஒரே மகன். அவனைக் கசையால் அடிக்கும் போர்வீரனாக வந்தவன், அவளுடைய உடன்பிறந்த தம்பியான வெல்டர்.

அக்காளுக்கும் தம்பிக்கும் மூன்று ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

மேடையில் மகன் மக்களைப் பார்த்தபடி மண்டியிட்டு, தூணோடு கட்டுண்டிருந்தான். பின்னால், சிவப்பு அங்கி தரையைத் தொட, படியில் ஒரு காலை மடக்கி ஊன்றி நின்ற தம்பி தோல்வாரை ஓங்கினான்.

பளீர்.

கடைசி வரிசைவரை கேட்டது. மகன் முகத்தைச் சுளித்தான். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பளீர்.

"என்னங்க, இது நடிப்பா?" நர்ஸ் அக்கா கணவரின் முழங்கையைக் கிள்ளினாள்.

"நல்லா பண்றான் இல்ல?" என்றார் அவர், மெய்ம்மறந்து.

"யாரு?"

"ரெண்டு பேரும்தான்."

"உங்களுக்குக் காது இருக்கா இல்லையா? போன வருஷம் துணிக்கயித்தால அடிச்சாங்க, ஈ ஓட்டுற மாதிரி இருந்துச்சு. இது தோலு. அசல் அடி. என் மேல இருக்கிற ஆத்திரத்த எம்புள்ள முதுகுல தீத்துக்கிறான்."

"உன் மேல அவனுக்கு என்ன ஆத்திரம்?"

கேட்டாரே தவிர, காரணம் அவருக்கும் தெரியும். தந்தையின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், உறவினர் அத்தனை பேர் முன்னிலையிலும், "சாகக் கிடந்த மனுஷன எட்டிப் பாக்காதவன், மண்ணு போட மட்டும் வந்துட்டான்" என்று தம்பியைப் பேசியவள் அவள். அவன் நடுக்கடலில் ஒரு கப்பலில் வேலையாக இருந்தான் என்பதும், தந்தை படுக்கையில் விழுந்த செய்தியே அவனுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது என்பதும் பின்னர் தெரியவந்தன. தெரிந்தபின் அவன் முகத்தில் விழிக்க அவளுக்குக் கூசியது. அந்தக் கூச்சம் நாளடைவில் கோபமாக முறுகிவிட்டது.

பளீர்.

"இன்னையோட அவனுக்கும் நமக்கும் ஒண்ணுமில்ல. எல்லார் முன்னாலயும் கேட்டுட்டுத்தான் வருவேன்."

"பெரிய வெள்ளி அதுவுமா சண்டையா? ஞாயித்துக்கெழமை வெச்சுக்கோயேன்."

திரை விழுந்ததும் அவள் மேடைக்குப் பின்னால் போனாள். மகன் ஒட்டுத்தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"திரும்புடா."

"என்னம்மா?"

"திரும்புன்னேன்."

அங்கியைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். வரிவரியாகத் தடித்திருக்கும் என்று எண்ணியவள், விரலால் தடவியும் பார்த்தாள். சிவப்புச் சாயம்தான் விரலில் ஒட்டியது. ஒரு கீறல்கூட இல்லை.

"வலிக்குதா?"

"கூச்சமா இருக்கு, விடும்மா."

"அப்ப அவ்வளவு சத்தம்? தூண்ல அடிச்சானா?"

"தூண் தெர்மோகோல்மா. அடிச்சா தூண்தான் விழும்."

"பின்ன அடியெல்லாம் எங்கடா போச்சு?"

"சொல்லக் கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கியிருக்காரு" என்ற மகன், திரைச்சீலைக்கு அப்பால் கண்ணைக் காட்டினான்.

அங்கே கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின்மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனது இடத்தொடை கன்றிச் சிவந்து, ஓரிரு இடங்களில் தோல் உரிந்திருந்தது. அவன் மனைவி ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"தலகாணி ஒண்ணக் கட்டிக்கிட்டு அடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே?"

"தலகாணில அடிச்சா தலகாணிச் சத்தம்தான் வரும்."

நிமிர்ந்தவன் அக்காளைக் கண்டதும் அவசரமாக அங்கியை இழுத்துத் தொடையை மூடினான். அவளுக்கு விளங்கிவிட்டது. மகனின் முதுகுக்குப் பின்னால் மடக்கி ஊன்றியிருந்த தன் தொடையிலேயே அத்தனை அடியையும் அவன் வாங்கியிருக்கிறான்.

"உனக்கென்ன பைத்தியமா?"

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவள் அவனிடம் பேசியது அதுதான்.

"கடைசி வரிசைக்குச் சத்தம் கேக்கணும்னு டைரக்டர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அதுக்காகப் புள்ள மேல அடிக்க முடியுமாக்கா?"

அவள் தரையில் உட்கார்ந்து, தம்பி மனைவியின் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா அடக்கத்தன்னைக்கு நான் பேசினது..."

"அத விடுக்கா. மெதுவா ஒத்து, எரியுது."

கிறிஸ்து நமக்காகப் பாடுபட்டார் என்று மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்த 'நமக்காக'வில் தானும் இருக்கிறோம் என்பது அந்தப் புண்ணைத் துடைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வாய்க்குள்ளேயே நன்றி சொன்னாள். அது தம்பிக்கா, ஆண்டவருக்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உயிர்த்த ஞாயிறு திருப்பலிக்குத் தம்பி நொண்டிக்கொண்டே வந்தான். கோயில் வாசலில் நின்ற பெண்ணொருத்தி, நர்ஸ் அக்காவின் பக்கம் ஆதரவாகச் சாய்ந்தாள்.

"பாத்தியாக்கா? உம்புள்ளைய அந்த அடி அடிச்சான். ரெண்டு நாள் ஆகல, ஆண்டவர் அவன் கால்லயே குடுத்துட்டாரு."

"ஆண்டவர் குடுக்கல" என்றாள் நர்ஸ் அக்கா. "எங்க வீட்டுக்கு விழவேண்டிய அடி அது. அவன் வாங்கிக்கிட்டான்."

பிறகு படியிறங்கிப் போய், தம்பியின் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டு, முன்வரிசைவரை நடத்திக்கொண்டு போனாள். அன்று மதியம் இரண்டு குடும்பங்களும் அவள் வீட்டில்தான் சாப்பிட்டன.