மஞ்சள் காருக்கு ஒரு பாராட்டு

"திமிர் பிடிச்ச பொம்பளை!"

உள்ளே வந்ததும் வராததுமா என் வீட்டுக்காரர் கத்தினார். "தெருவே பார்க்கக் குனிஞ்சு வணக்கம் சொல்றேன். கண்டுக்காம போறாங்க!"

எதிர்வீட்டு கதாகிரி சானைத்தான் சொல்றார். 'சான்'னா எங்க ஜப்பான்ல பேரோட சேர்க்கற மரியாதை. தனியா இருக்கறவங்க. முன்னெல்லாம் நல்லாத்தான் பழகுவாங்க. இப்ப கொஞ்ச வருஷமா யார் வணக்கம் சொன்னாலும் பதில் கிடையாது. இவர் தெரு சங்கத் தலைவர் வேற, பொறுப்பாரா?

"அந்த வெண்டெல்கிட்ட மட்டும் நின்னு பேசறாங்க, பாரு!"

வெண்டெல் எங்க பக்கத்து வீட்டு அமெரிக்கர். வேலை மாத்தலாகி கியோட்டோவுக்கு வந்தப்ப, வீட்டுச் சாமான் எல்லாத்தையும் வித்துட்டு, ஒரு காரை மட்டும் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்தார்.

அடேயப்பா, அது காரா! மஞ்சக் கலர். தரையோட தரையா படுத்திருக்கும். ஸ்டியரிங் வேற எங்களுக்குப் பழக்கமில்லாத பக்கம். அவரும் அவர் தம்பியும் ஒவ்வொரு திருகா மாட்டிச் சேர்த்த கார். "தம்பி போயிட்டான். இதுதான் மிச்சம்"னு ஒரு நாள் சொன்னார்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணப்ப தெருவே வெளியே ஓடி வந்துது. பக்கத்துல நின்னு கோயில் பெரிய மணியைக் கேட்டா வயித்துக்குள்ள அதிருமே, அப்படி ஒரு சத்தம். நான் சட்டியை அடுப்புல மறந்துட்டு நின்னேன். சோயா குழம்பு கரிஞ்சே போச்சு.

அன்னிக்குத்தான் கதாகிரி சான் அவர்கிட்ட வந்து சொன்னாங்க. "உங்க கார் குரல் எவ்வளவு கம்பீரம்! என் வீட்டு அலமாரிக் கோப்பையெல்லாம் ஆடுது. தினம் காலையில இது கேக்கணும்."

வெண்டெலுக்கு வாயெல்லாம் பல். அவங்க போனதும் என் வீட்டுக்காரர் அவரை ஓரமா இழுத்தார்.

"ஐயோ, மனுஷா! அது பாராட்டு இல்ல, திட்டு!"

"திட்டா? சிரிச்சுக்கிட்டுத்தானே சொன்னாங்க?"

"அதுதான் கியோட்டோ! வந்த விருந்தாளிகிட்ட 'உங்க கடிகாரம் ரொம்ப அழகு'ன்னு சொன்னா, 'நேரமாச்சு, கிளம்பு'ன்னு அர்த்தம். 'குரல் கம்பீரம்'னா, 'உயிரை வாங்காதே'ன்னு அர்த்தம்."

பெருமை வேற இவருக்கு! ஆனா எனக்கும் அப்படித்தான் பட்டுது. எங்க ஊர்ல யாராவது புகழ்ந்தா, முதல்ல பயந்துக்கணும்.

மறுநாள் காலையில ஜன்னலைத் திறந்தவ அப்படியே நின்னுட்டேன். வெண்டெல் அந்தக் காரைக் கையால தள்ளிக்கிட்டுப் போறார்! கதவுப் பக்கம் தோளைக் கொடுத்து, ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சு, பெரிய ரோடு வரைக்கும். அங்க போய்த்தான் ஸ்டார்ட். சாயந்திரமும் அதே மாதிரி தள்ளிக்கிட்டே வீட்டுக்கு. அடுத்தவங்களுக்காக ஒரு மனுஷன் இப்படியும் செய்வானான்னு மலைச்சுப் போனேன்.

"தலைவர்னா சும்மாவா?"ன்னு இவரும் பின்னாடி போய்த் தள்ளினார். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பத்துப் போடற வேலை எனக்கு.

மழைக்காலம் வந்துது. ஒரு நாள் வெண்டெல் வழுக்கி விழுந்து முழங்காலைப் பேத்துக்கிட்டார்.

"இதுக்கு மேல முடியாது. ஸ்டார்ட் பண்ணி அவங்க தூக்கத்தைக் கெடுக்கவும் எனக்கு மனசில்ல. வித்துடறேன்"னார். காரைப் பார்க்காமத்தான் சொன்னார். நான் எதிர்வீட்டைப் பார்த்து மனசுக்குள்ள நல்லா வஞ்சேன்.

ஞாயித்துக்கிழமை காரை வாங்க ஒசாகாவிலேருந்து ஆள் வந்தாச்சு. வெண்டெல் சாவியை அவர் கையில வைக்கிற நேரம், எதிர்வீட்டுக் கதவு திறந்துது. கதாகிரி சான் செருப்பைக்கூடச் சரியா மாட்டாம ஓடி வந்தாங்க.

"வெண்டெல் சான், கார் ஏன் இப்பல்லாம் பேசறதே இல்ல? அதுக்கு உடம்பு சரியில்லையா?"

என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்து, இடுப்பு வலியோட நல்லா மடிஞ்சு குனிஞ்சார். "மன்னிக்கணும். இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது. காரை வித்தாச்சு."

"குனியாதீங்க!" சுள்ளுன்னு எரிஞ்சு விழுந்தாங்க. "உங்க தலைதான் எனக்குத் தெரியுது. நிமிர்ந்து பேசுங்க."

இவருக்கு முகம் செக்கச் செவேல்னு ஆயிடுச்சு. "பார்த்தியா? மன்னிப்புக் கேட்டா என் வழுக்கையைக் குத்திக் காட்டறாங்க!"

வெண்டெல்தான் அவங்க முன்னாடி நேரா நின்னு, நிதானமா சொன்னார். "வித்துட்டேன், கதாகிரி சான்."

அவங்க அவர் வாயையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. முகம் வாடிப்போச்சு.

"கடைசியா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்களேன்."

ஒசாகாக்காரர் ஒண்ணும் புரியாம சாவியைத் திருப்பிக் கொடுத்தார். வெண்டெல் உள்ளே உக்காந்து திருகினார். என் காலுக்குக் கீழே தெருவே உறுமினமாதிரி இருந்துது.

கதாகிரி சான் ரெண்டு கையையும் பானெட் மேல வச்சாங்க. கண்ணை மூடிக்கிட்டாங்க. கன்னத்துல தண்ணி வழியுது, உதட்டுல சிரிப்பு. அப்படி ஒரு முகத்தை நான் கோயில்லகூடப் பார்த்ததில்ல.

"இதுவும் குத்தலாடி?" இவர் என் காதுல கிசுகிசுத்தார்.

கண்ணைத் திறக்காமலே கதாகிரி சான் சொன்னாங்க.

"எனக்குக் காது போய் நாலு வருஷமாச்சு. இந்தத் தெருவுல எனக்குக் கேக்கற சத்தம் இது ஒண்ணுதான்."