கரையில் நடந்த நீச்சல் தேர்வு

குளத்தில் நீச்சல் பயிற்சி கொடுத்துவந்த வாத்து, தன் மாணவர்களைத் தேர்வுக்கு நிறுத்தியது. மதிப்பிட வந்த பூனைக்கு ஈரம் ஆகாது. கரையிலேயே உட்கார்ந்துகொண்டது.

ஆமைக்குட்டி குளத்தை ஒரு சுற்று நீந்தி வந்தது.

"கால் அசையறதே தெரியலை. ஃபெயில்" என்றது பூனை.

கோழிக்குஞ்சு மணலில் குப்புறப் படுத்துக் காலை உதைத்துக் காட்டியது.

"பிரமாதம். பாஸ்."

"சார், அது இன்னைக்கு வரைக்கும் தண்ணியில இறங்கினதே இல்லை" என்று வாத்து தலையில் அடித்துக்கொண்டது. "நீங்களாவது கொஞ்சம் இறங்கி வந்து பாருங்களேன்."

"அது என் வேலையில்லை."

கிளம்பும்போது பூனை பாசி வழுக்கிக் குளத்தில் விழுந்து, "காப்பாத்துங்க" என்று கத்தியது. கோழிக்குஞ்சு உடனே மணலில் படுத்து உதைக்க ஆரம்பித்தது. ஆமைக்குட்டி தண்ணீரில் இறங்கப் போனது.

"இருடா" என்று தடுத்தது வாத்து. "சார், உங்க கால் அசையறதே தெரியலை. நீந்துறீங்களா, முழுகுறீங்களா?"