வயிறு நிறைந்துவிட்டது

நான்கு சின்னத் துளைகள் வழியே பித்தப்பையை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அமிர்தவல்லிக்குச் சமையல் இயந்திரம்தான் வேளை பார்த்துப் பத்தியச் சாப்பாடு போட்டது.

மதியம் அது தட்டை நீட்டிய நேரத்தில், ஓசூரிலிருந்து மகள் இலக்கியா திடுதிப்பென்று வந்து நின்றாள்.

"உன்னைப் பாத்ததுமே வயிறு நிறைஞ்சிடுச்சுடி!"

"மதிய உணவு முடிந்தது" என்று இயந்திரம் ரசம் சாதத்தை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டது. "அடுத்தது ஏழு மணிக்கு."

"ஐயோ, அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடல! மாத்திரை வேற போடணும்!" இலக்கியா பதறினாள்.

"வயிறு நிறைந்ததாகச் சொன்னது பொய் என்று நோயாளியே சொல்ல வேண்டும்."

"அதை எப்படிடி பொய்னு சொல்லுவேன்? பட்டினியே கிடக்கறேன்" என்றாள் அமிர்தவல்லி.

"சொல்லித் தொலைம்மா. நான் காதைப் பொத்திக்கறேன்."

பொத்திக்கொண்டாள். அம்மா முணுமுணுத்தாள். பூட்டு திறந்தது.

"கேட்டுச்சா?"

"எது?" என்றபடி இலக்கியா முதல் கவளத்தை ஊட்டினாள்.