ஜோன் அனுப்பிய வாழ்த்து அட்டை

"ஜோன் அக்கா இருக்கிற கன்னியர் மடத்தோட விலாசத்தைக் குடுங்கப்பா."

அதை ஐரின் கேட்கவே கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்பா ஆம்ப்ரோஸ் முறைத்தார். "பி.ஏ. படிச்ச திமிரா? அதான் ஜோன் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை தச்சு அனுப்பறாளே!"

இந்த வருஷத்து அட்டையை ஐரின் நீட்டினாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த நட்சத்திரம்; நடுவில் ஊதாப்பூத் துணி.

"நான் ஹாஸ்டல்ல இருந்தப்போ, அக்கா இந்த ஊதாப்பூச் சேலையைக் கட்டிக்கிட்டுத்தான் மடத்துக்குப் போனான்னு சொன்னீங்க. மிச்சச் சேலை அம்மா தையல் பெட்டியில கெடக்கு. அட்டையைத் தச்சது யாரு?"

அம்மா விம்மினாள். "துணிக்கு ரேஷன் போட்ட இந்தக் கன்ட்ரோல் காலத்துல வேற துண்டு கெடைக்கலடி... கடைசியா அவ உடம்பைக் குளிப்பாட்டினப்போ அவுத்து வெச்சது..."

"வாயை மூடு, மர்சலின்!"

ஆம்ப்ரோஸ் வாசலை மறித்தார். ஐரின் அவர் கையைத் தட்டிவிட்டு, அட்டையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.