வள்ளித்தாயின் மனு

"அவன் பேரை என் கையால எழுதணும் சார். அம்புட்டுப் படிப்பு போதும் எனக்கு."

ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாசம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முதியோர் கல்வி வகுப்புக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வள்ளித்தாய் இப்படித்தான் ஆரம்பித்தாள். எம். புதுப்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள்.

"யாரு தாயி அது? உங்க ஆபீஸ் கணக்கப்பிள்ளை கருத்தப்பாண்டியா?" என்றார் ஊர்க்காவலன் வாத்தியார்.

"எழுதயில தெரியும் சார். அவன் அறைஞ்சதுல எம் மகளுக்கு ஒரு காது கேக்காமப் போச்சு. இப்ப எங்கூட குச்சி அடுக்குறா. மனு எழுதித் தாங்கன்னு யாரிட்டப் போனாலும், பேரைச் சொன்னதும் பேனாவை மூடிர்றாக. அதிகாரிக வந்து மனு வாங்குற ஜமாபந்திக்குள்ள நானே எழுதிக் குடுக்கணும்."

வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. வேலைக்கு வந்த பிள்ளை மேல் கை வைக்கிறவன் எல்லாம் ஒரு மனுஷனா!

ஆனால் சொல்லிக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ராகம் போட்டுப் பாட வைத்தார். மறுவாரம் துடைத்த மாதிரி மறந்திருந்தாள். கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அவள் பார்வையோ சுவரில் தொங்கிய பிரம்பிலேயே நின்றது.

"அதை ஏன் பாக்குற? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாக! ஆனா, அது சின்னதுகளுக்கு. உன்னைய அடிப்பேனா?" என்று சிரித்தார்.

மூன்றாவது வாரம்தான் அவருக்கு உறைத்தது. மருந்து முக்காத வெறுங்குச்சிகளைக் கொண்டுவரச் சொல்லி, தரையில் எழுத்து எழுத்தாக அடுக்க வைத்தார். வளைவுக்குப் புளியங்கொட்டை.

அட, அந்த விரல்கள் பிடித்துக்கொண்ட வேகம்! 'ட'வும் 'ப'வும் அன்றைக்கே வந்துவிட்டன. அடுக்கியதைத் தடவிப் பார்த்துவிட்டு சிலேட்டில் எழுதினாள். அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"ஆளுக்கு ஒரு வழி இருக்கு தாயி. அதைக் கண்டுபிடிக்கிறவன்தான் வாத்தியான்!"

"எல்லாப் புள்ளைகளுக்கும் அப்பிடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தா எம்புட்டு நல்லாருக்கும்" என்றாள் வள்ளித்தாய். வாத்தியார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வைகாசியில், ஜமாபந்திக்கு முந்தின ஞாயிறு, மனுவோடு வந்து நின்றாள். எழுத்து கோணல்மாணல்தான். ஆனாலும் அத்தனையும் அவள் கையெழுத்து. 'என் மகளை அறைந்து காதைச் செவிடாக்கியவர்' என்பதற்குப் பிறகு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் பேனாவையே திறந்து நீட்டினார்.

"எழுது தாயி! எம்புட்டுப் பெரிய கொம்பனா இருந்தாலும் விடாத. அவன் வேலை போகணும், கம்பி எண்ணணும்!"

வள்ளித்தாய் பேனாவை வாங்கிக்கொண்டாள். இத்தனை மாசத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"உங்க முழுப்பேரைச் சொல்லுங்க சார்."