கமருன்னிசா கேட்டது

திருச்சி ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, மலைக்கோட்டை மேல் சாயங்கால வெயில் மங்கிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் கியாசுதீன் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருடம் பயணிகள் கப்பல்களில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ஜாஸ் பாடியவர். தொண்டையில் புற்றுநோய். நாளைக் காலை அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்தக் குரல் இருக்காது. மனைவி கமருன்னிசா அவர் குரலைப் பதிவுசெய்ய செல்போனை ஓடவிட்டு அவர் பக்கத்தில் வைக்கிறாள். பாலக்கரை வீட்டில் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள். அவர் மேடையில் பாடி ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய விரல்கள் மருந்து டப்பாவின் மூடியில் மெல்லத் தாளம் போடுகின்றன. பக்கத்துக் கட்டில்காரர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்.

“எந்தப் பாட்டு வேணும், சொல்லு,” என்கிறார் கியாசுதீன் கரகரத்த குரலில்.

“பாட்டு வேணாங்க. லீவுல வந்ததும் வாசல்ல நின்னு என்னையக் கூப்பிடுவீங்களே, அப்படிக் கூப்பிடுங்க.”

தாளம் நின்றுவிடுகிறது. ஆயிரம் பேருக்கு முன்னால் கூசாமல் பாடியவர் தலையைக் குனிந்துகொள்கிறார். எச்சில் விழுங்கும்போது வலியில் கண்கள் சுருங்குகின்றன. பிறகு நிமிர்ந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறார்.

“கமரூ!”

பதிவு ஓடுவதையும் மறந்து அவள் சட்டென்று எழுந்து நிற்கிறாள்.

“இதோ வந்துட்டேங்க.”